தங்கம் போர்த்திய பழைய வாட்சில் மகளின் படிப்புப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அப்பாவுக்குக் கல்யாணச் சீராக வந்த ஒமேகா வாட்ச் என்னிடம் உள்ளது. ஸ்டீல் மேல் தங்கம் போர்த்தியது. அந்த ஆசையில் இதே வகையில் இன்னும் நான்கு பழைய வாட்சுகள் வாங்கிவிட்டேன். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் கல்லூரிக்காகப் போட்ட 3 லட்ச ரூபாய் எஃப்.டி. அடுத்த மாதம் முதிர்கிறது. தங்கம் ஏறிக்கொண்டே போகிறதே, அந்தப் பணத்தை இந்த வாட்சுகளில் போடலாமா?

பதில்: வேண்டாம் சார். அந்த 3 லட்சத்தில் கை வைக்காதீர்கள்.

தங்கம் ஏறினால் வாட்சும் ஏறும் என்று நினைக்கிறீர்கள். அதில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டீல் மேல் போர்த்திய தங்கத் தகடு 80 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று வைத்துக்கொள்வோம். கேஸின், அதாவது வாட்சின் வெளிக்கூட்டின், மேல்பக்கமும் ஓரங்களும் சேர்ந்து சுமார் 8 சதுர சென்டிமீட்டர். 14 காரட் என்றால் எடை முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதில் சுத்தத் தங்கம் அரை கிராம்தான், ஒரு பவுனில் பதினாறில் ஒரு பங்கு. அதையும் எடுக்க வேண்டுமானால் வாட்சை அழிக்க வேண்டும். வேலூர் லாங் பஜாரில் நகையைப் போல எடை போட்டு விற்கிற பொருள் இல்லை இது.

அதற்காக இதைக் கவரிங் என்று ஒதுக்கவும் மாட்டேன். முலாம் பூசிய வாட்சுகளில் 10, 20 மைக்ரான் என்று கேஸிலேயே பொறித்திருப்பார்கள். உங்களுடையதில் தங்கத் தகட்டையே ஸ்டீல் மேல் அழுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அது எவ்வளவோ தாங்கும். ஆனால் சேகரிப்பவர் பணம் கொடுப்பது அந்தத் தகட்டுக்கு மட்டும் இல்லை. டயல் முதலில் வந்த டயலாகவே இருக்க வேண்டும், ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், உள்ளே ஓடும் இயந்திரம் அந்த வாட்சுக்கே உரியதாக இருக்க வேண்டும். பாலிஷ் போட்டுப் போட்டு விளிம்பில் ஸ்டீல் தெரிந்துவிட்டால் விலை சரிந்துவிடும். நம் நாட்டில் டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து விற்கப்படும் பழைய வாட்சுகள் ஏராளம். நீங்கள் வாங்கிய நான்கையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்து தடித்தோ கோணலாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை, கல்லூரியில் பணம் கட்டச் சொல்லும் தேதிதான். அந்த வாரம் சரியான விலை கொடுப்பவர் கிடைப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அவசரத்துக்கு வியாபாரியிடம் போனால், அவர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார்.

மகளுக்கு இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறது. பணத்தைத் தபால் நிலையத்தின் 3 வருட டெபாசிட்டில் போடுங்கள். சேரும் நேரத்தில் கைக்கு வரும். வங்கிதான் வசதி என்றால் அதுவும் சரி. ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு.

வாட்ச் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. குடும்பச் செலவு போக மாதம் ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ அதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள். வாங்கிய விலை, சர்வீஸ் செலவு, தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, வீட்டம்மாவிடமும் காட்டுங்கள். நான்கில் மனசுக்கு ஒட்டாத ஒன்றை இப்போதே விற்றுப் பாருங்கள். நிஜமான விலை என்னவென்று அப்போது தெரியும்.

அப்பாவின் ஒமேகாவை விற்கவே வேண்டாம். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, இயந்திரத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் மட்டும் போடுங்கள், பாலிஷ் வேண்டாம், டயலைத் தொட வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.