பக்கத்து வீட்டுக்காரர் பாண்டிச்சேரி நம்பர் கார் வச்சுக்கிட்டு ரோடு டாக்ஸ் ஏமாத்துறார்னு சந்தேகம், புகார் குடுக்கலாமா?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். பக்கத்து வீட்ல மூணு மாசமா பாண்டிச்சேரி நம்பர் போட்ட பெரிய கார் ஒண்ணு நிக்குது, ஆளு உள்ளூர்க்காரர், நம்ம ஊர் வரிய மிச்சம் பிடிக்கத்தான் அங்க பதிஞ்சிருக்கார்னு உங்களுக்கு சந்தேகம், ஆர்.டி.ஓ ஆபீஸ்ல சொல்லலாமா, சொன்னா நம்ம பேரு வெளிய வந்துருமா. நடுவுல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "ராத்திரியானா எங்க கேட்டை ஒட்டி நிறுத்திர்றார்"னு. அந்த வரிக்கு அப்பறம் வர்றேன்.

நான் புகார் குடுத்தவன் இல்லீங்க, என் மேல குடுத்தாங்க. பாண்டிச்சேரி நம்பர் வச்சிருந்தவனே நாந்தான். அதனால கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமை இல்லாதவங்க கடைசியில மட்டும் படிச்சுக்கங்க.

எனக்குக் காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். 19 வருஷம் பாண்டிச்சேரியில ஒரு கம்பெனியில கணக்குப் பாத்தேன், வாடகை வீடு, ரேஷன் கார்டு, கேஸ் கனெக்‌ஷன் எல்லாம் அங்கதான், 2016-ல ஒரு ஸ்விப்ட் எடுத்தேன், அங்க இருக்கிறவன் அங்கதானே பதிவான், பி.ஒய். 01 நம்பர். இதுல எந்தத் திருட்டுத்தனமும் கிடையாது. முதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா பாண்டிச்சேரி நம்பர்னாலே பொய் அட்ரஸ் குடுத்துப் பதிஞ்சவன்னு ஒரு பேரு இருக்கு, 2017-ல கேரளாவுல சினிமா ஆளுங்க சொகுசு கார எல்லாம் அப்படிப் பதிஞ்சாங்கன்னு பெரிய கேசாகி நாறிப்போச்சு, அதுலேருந்து நம்பரப் பாத்தாலே நம்மள ஒரு மாதிரி பாக்குறாங்க. 2019 தை மாசம் அப்பச்சிக்கு, அதான் எங்க அப்பாவுக்கு, முடியாமப் போயி நான் வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். காரும் கூடவே வந்துச்சு. நம்பர் மாத்தணும்னு தெரியாதான்னு கேட்டா, தெரியும். கணக்கு எழுதுறவனுக்குத் தெரியாம இருக்குமா. அப்பச்சி காரியம், அப்பறம் வீட்டு வேலை, அப்பறம் கொரோனா, நாளைக்கு நாளைக்குன்னு மூணு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. சோம்பேறித்தனம் பாதி, காசு பாதி. உடனே "செட்டிநாட்ல அரண்மனை மாதிரி வீடு வச்சிருக்கீங்க, வரி கட்டக் காசில்லையா"ன்னு யாராவது கெளம்பி வருவீங்க. பெரிய வீடு இருக்கிறவன் எல்லாம் பணக்காரன் இல்லீங்க, அந்த வீட்டுக்கு 14 புள்ளி, அதாவது 14 குடும்பம், பங்கு, எங்களுக்குன்னு இருக்கிறது வளவுல, நடு முற்றத்தச் சுத்தின எடத்துல, ஒரு அறையும் முகப்புக்கு வெளிய ஒரு கார் நிறுத்துற எடமும்.

2022 மே மாசம் நானும் வீட்டம்மாவும் மக வீட்டுக்குப் பினாங்கு போனோம், நாலு மாசம். சாவிய தம்பி மகன்ட்ட குடுத்துட்டுப் போனேன், வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வையிடா, பேட்டரி இறங்கிரும்னு. செப்டம்பர்ல வந்து பாக்குறேன், வண்டி பளபளன்னு கழுவி நிக்குது, பரவால்ல பயலுக்குப் பொறுப்பு வந்துருச்சுன்னு சந்தோசப்பட்டேன். உள்ள ஏறி மீட்டரப் பாத்தா, போகும்போது 41 ஆயிரம் சொச்சம் ஓடியிருந்த வண்டி 47 ஆயிரத்து அறுநூறு காட்டுது. கேட்டேன். "கோயிலு குளம்னு அங்க இங்க போயிருப்போம் பெரியப்பச்சி"ன்னான். பின் சீட்டுக்கு அடியில ஆத்தங்குடி கல்லு, தரைக்குப் போடுற டைல் ஒண்ணு, உள்ளங்கை அளவு சாம்பிள், சிவப்புத் தரையில மஞ்சப் பூ, தினசரிப் பேப்பர்ல சுத்திக் கிடந்துச்சு. நம்ம வீட்ல யாரு போயி ஆத்தங்குடி கல்லுக்கு சாம்பிள் வாங்குறா, காலுக்குக் கீழ தரையே அதானே. அப்பக்கூட எனக்கு உறைக்கல பாத்துக்கங்க.

அக்டோபர்ல ஒரு நாள் குன்றக்குடி ரோட்டுல பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப் நிக்குது. கை காட்டி ஓரங்கட்டச் சொன்னார். கையில ஒரு பேப்பர வச்சு என் நம்பரோட ஒத்துப் பாத்துக்கிட்டே நடந்து வந்தார், அப்பவே அடிவயிறு கலங்கிருச்சு. ஆர்.சி, இன்சூரன்ஸ், புகை சர்ட்டிபிகேட் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. "இங்க எவ்வளவு நாளா இருக்கீங்க"ன்னு கேட்டார். "இப்பத்தான் சார், ஒரு ஆறு மாசம்"னு வாய் சொல்லுது, கை ஆதார எடுத்து நீட்டுது. அதுல பள்ளத்தூர் அட்ரஸ், பேங்க் வேலைக்காக 2019-லயே மாத்தினது, ஓரத்துல தேதியோட. மனுசன் சிரிக்கக்கூட இல்ல. மரியாதையாத்தான் சொன்னார், வேற மாநில வண்டிய 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா இங்கத்த நம்பர் வாங்கணும், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆவது பிரிவு, உங்களுக்கு மூணே முக்கால் வருஷம் ஆகுதுன்னு. அது சரி, தப்பு நம்ம மேல. அடுத்து கேட்டதுதான். "ஓன் போர்டு வண்டிய வாடகைக்கு விடுறீங்களாமே?" ஓன் போர்டுன்னா சொந்த ஓட்டத்துக்கு மட்டும் பதிஞ்ச வெள்ள போர்டு வண்டி. எனக்கு வந்துச்சே கோவம். யாரு சார் சொன்னா, காட்டுங்க அந்தப் பேப்பரன்னு ரோட்டுல நின்னு கத்திட்டேன், பழனி பாதயாத்திரைக்காரங்களப் பாக்குற மாதிரி நாலு பேரு நின்னு வேடிக்கை பாத்தாங்க. பேப்பரக் காட்டல. பெட்டிசன்ல பேரு இல்லைன்னு மட்டும் சொன்னார்.

அப்பறம் பாண்டிச்சேரிக்கு ரெண்டு நடை, என்.ஓ.சி-க்கு, வண்டிய வேற மாநிலத்துக்கு மாத்த ஆட்சேபணை இல்லைங்கிற சர்ட்டிபிகேட்டு. படிவம் 28, சேசிஸ் நம்பர பென்சில்ல தேச்சு எடுத்த பிரிண்ட், வண்டி மேல போலீஸ் கேஸ் இல்லைன்னு ரிப்போர்ட். இங்க வந்து படிவம் 27, வண்டிய நேர்ல காட்டணும், வண்டி வயசுக்குத் தக்கன ஆயுள் வரி, அபராதம், புது நம்பர் பிளேட்டு, எல்லாம் சேத்து அம்பதாயிரத்தத் தாண்டிருச்சு. அங்க கட்டின வரியில மிச்சத்த திருப்பிக் கேட்டு எழுதிப் போடலாம், நான் போடல, அதுவும் சோம்பேறித்தனந்தான். எனக்காவது பழைய ரேட்டு, புது வண்டின்னா பத்து லட்சம் வரைக்கும் 10 சதவீதம், மேல போனா 15. 2023 நவம்பர்லேருந்து அஞ்சு லட்சம் வரைக்கும் 12, பத்து வரைக்கும் 13, இருபது வரைக்கும் 18, அதுக்கு மேல 20-னு ஆக்கிட்டாங்க. முப்பது லட்சத்துக்கு வண்டி எடுத்தா வரி மட்டும் ஆறு லட்சம். உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆசை வந்திருந்தா அது எங்கேருந்து வந்துச்சுன்னு புரியுது, சரின்னு சொல்லல.

இப்ப யாரு போட்டதுங்கிற கதை. எங்க வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுற வீடு. பின்வாசலுக்கு எதிர்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவருக்கு மனு எழுதுறதுதான் பொழுது, தெரு லைட்டு, தண்ணிக் குழாய், பஸ் நேரம், திங்கக்கிழமையானா சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மஞ்சப்பையோட பஸ் ஏறிருவார். அதுக்கும் மேல, ஒரு தடவ பெட்ரோல் பங்க்ல பாத்து "இன்னும் நம்பர் மாத்தலையா செட்டியாரே"ன்னு கேட்டிருக்கார். போதாதா. எனக்கு முடிவாயிருச்சு, இவர்தான்னு. பேச்ச நிறுத்தினேன். கார்த்திகைக்கு அவங்க வீட்லேருந்து வந்த பொரி உருண்டைய தூக்குவாளியோட அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னேன், வீட்டம்மா அனுப்பிட்டு ரெண்டு நாள் என்கூடப் பேசல. அவர் பேத்தி காதுகுத்துக்குப் போகல. எதுக்க வந்து கும்புட்டா நான் தலையத் தூக்கி கூரையப் பாப்பேன்.

கூரையப் பாத்தா அது தனி வயித்தெரிச்சல். மேற்குப் பக்கம் ஓடு சரிஞ்சு மூணு மழை பாத்தாச்சு, மழை பேஞ்சா வளவுக்குள்ள நாலு அண்டா வைக்கணும். 14 புள்ளியில ஊர்ல இருக்கிறது நாங்க ரெண்டே பேரு, மிச்சம் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர். ஓடு மாத்தணும் பங்குக்கு இவ்வளவுன்னு வாட்ஸப் குரூப்புல போட்டா கும்புடுற கை வருது, ரோசாப்பூ வருது, காசு வரமாட்டேங்குது. கல்யாணம், சாந்தி, அதான் அறுபதாம் கல்யாணம், இதுன்னா மட்டும் தூணக் கட்டிக்கிட்டு போட்டோ எடுக்க வந்துருவாக. ஒருத்தர் அந்தத் தூணையே வித்து ஆளுக்குப் பிரிச்சுக்குவோமான்னு கேக்குறார். ரோடு டாக்ஸ் கட்டாதவன் மேல பெட்டிசன் போட ஒரு ஆபீஸ் இருக்கு, பங்குக் காசு கட்டாதவன் மேல எங்க போயி போடுறது. சரி விடுங்க, நீங்க இத கேக்கல.

எட்டு மாசம் கழிச்சு, மக வர்றான்னு திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகணும், என் வண்டி சர்வீஸ்ல கெடக்கு, ஸ்டாண்டுல ஒரு டாக்சி சொன்னேன். டிரைவருக்கு நாப்பது வயசு இருக்கும், ஊர விட்டதுலேருந்து பேசவே இல்ல, கண்ணாடியில மட்டும் என்னையப் பாத்துக்கிட்டே வந்தார். திருமயம் கோட்டை தாண்டினதும், "அண்ணே, கோவிச்சுக்கப்படாது, உங்க வண்டி மேல பெட்டிசன் போட்டது நாந்தாண்ணே"ன்னார்.

நான் ஒண்ணும் சொல்லல. அவரே சட்டைப் பையிலேருந்து எல்.ஐ.சி டைரி மாதிரி சின்னதா ஒண்ண எடுத்து ஒத்தக் கையாலயே பின்னாடி நீட்டினார். ஒரு பக்கத்துல என் வண்டி நம்பர், அதுக்குக் கீழ வரிசையா பதினோரு தேதி, நேரத்தோட. "ஜூலை 9, காலைல 8, வெள்ளக்காரங்க 4 பேரு, கானாடுகாத்தான், ஆத்தங்குடி." "ஜூலை 16, ஐதராபாத் பார்ட்டி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி." பூராம் நீல மையில, ரெண்டு மட்டும் பென்சில்ல. நான் பினாங்குல மக வீட்டு பால்கனியில உக்காந்து காப்பி குடிச்ச நாளு எல்லாம் என் வண்டி லாட்ஜ் வாசல்ல நின்னிருக்கு.

"மஞ்ச போர்டுண்ணே என்னது. எப்.சி காட்டணும், பெர்மிட்டு இருக்கணும், வரி தனி, இன்சூரன்ஸ் தனி ரேட்டு. நாங்க ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து ஐநூறு சொன்னா அந்தத் தம்பி ஆயிரத்து ஐநூறுக்குப் போறாப்ல. என்னப்பா இதுன்னு கேட்டா, எங்க பெரியப்பா வண்டி, நீ யாருய்யாங்கிறாப்ல. ரெண்டு சீசன் கொரோனாவுல போச்சுண்ணே, வண்டி டியூ நின்னுருச்சு." பேரு ஏன் போடலைன்னு கேட்டேன். "நாளைக்கும் அதே ஸ்டாண்டுலதானண்ணே நிக்கணும்"னார்.

வண்டிய நிறுத்தச் சொல்லி டீ வாங்கிக் குடுத்து கட்டிப்பிடிச்சேன்னு எழுதினா நல்லா இருக்கும், அப்படியெல்லாம் நடக்கல. புதுக்கோட்டை வரைக்கும் உம்முன்னுதான் வந்தேன். மனசுக்குள்ள ஓடினது வேற. ஓன் போர்டு வண்டிக்கு எடுக்கிற இன்சூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. அந்தப் பதினோரு நாள்ல எதுலயாவது ஒரு லாரியில மாட்டியிருந்தா, உள்ள இருந்த அந்நிய தேசத்து ஆளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா, ஆர்.சி-யில இருக்கிறது என் பேரு. அம்பதாயிரத்தோட போச்சேன்னு இருந்துச்சு.

தம்பி மகன வந்து கேட்டேன், அழுதுட்டான், பதினொண்ணு இல்ல இருவத்தாறு நடையாம். அவன் அப்பன் "ஒரே மகன அழ வச்சுட்டியே"ன்னு இப்ப என்கூடப் பேசுறதில்ல, அது வேற பஞ்சாயத்து. வாத்தியார் வீட்டுக்குப் போயி நடந்தத சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "நான் போட்டிருந்தா அதுல ரெண்டு விசயம் இருந்திருக்கும் செட்டியாரே, உங்க சேசிஸ் நம்பரும் என் கையெழுத்தும்"னார். அவங்க வீட்டு டீச்சரம்மா உள்ளேருந்து வெளியவே வரல. தூக்குவாளிய திருப்பி அனுப்பினது அவங்களுக்கு.

இப்ப உங்க விசயம். மூணு மாசம்னு நீங்களே சொல்றீங்க, 12 மாசம் ஆகல. மருமகன் வண்டியா இருக்கலாம், கம்பெனி குடுத்த வண்டியா இருக்கலாம், நாளைக்கே வெளியூர் திரும்புற ஆளா இருக்கலாம். எம்-பரிவாகன் ஆப்புல நம்பரப் போட்டா எப்ப பதிஞ்சது, இன்சூரன்ஸ் எதுவரைக்கும்னு காட்டும், ஓனர் பேரு பாதி மறைஞ்சிருக்கும், ஆனா வண்டி இந்த ஊருக்கு எப்ப வந்துச்சுன்னு எந்த ஆப்பும் சொல்லாது. வருஷம் தாண்டியும் நம்பர் மாறாம சொந்த வேலைக்கு ஓட்டுறார்னா முதல்ல ஒரு தடவ "என்.ஓ.சி போட்டாச்சா சார்"னு கேட்டுப் பாருங்க. வாத்தியார் பங்க்ல என்னையக் கேட்டது அதைத்தான், எனக்குத்தான் குத்தமாப் பட்டுச்சு. கேட்டும் அசையலைன்னா எழுதிப் போடுங்க, தப்பில்ல, வரி கட்டினவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனா வெள்ள போர்டு வாடகைக்கு ஓடுதுன்னா யோசிக்கவே யோசிக்காதீங்க, கேக்கவும் வேண்டாம், நம்பர், தேதி, நேரம், எடம் நாலையும் குறிச்சு நேரா ஆர்.டி.ஓ ஆபீஸ்ல குடுங்க, அங்க ஒரு டிரைவர் பொழப்பு போயிக்கிட்டு இருக்கு.

பேரு வெளிய வருமான்னு கேட்டீங்க. மொட்டைப் பெட்டிசனையும் எடுத்துப் பாக்குறாங்க, என் கேஸ்ல பாத்தாங்க. ஆனா நீங்க பேரு போடாம விட்டா அவர் சும்மா இருக்கமாட்டார், தெருவுல தனக்குப் பிடிக்காத ஒருத்தர் பேர அவரே போட்டுக்குவார், அந்தாளு வீட்டுத் தூக்குவாளி திரும்பிப் போகும்.

அந்தக் கேட்டு. கேட்டை மறைக்கிறதுதான் உங்களுக்கு எரிச்சல்னா அத அவர்ட்ட போயி சொல்லுங்க, டாக்ஸ் கட்டின வண்டியும் கேட்டை மறைக்கும்.

போன வாரம் வாத்தியார் பின்தெரு சாக்கடை மூடிக்கு ஒரு மனு எழுதிக் கொண்டாந்தார், அவருக்கு அடுத்த கையெழுத்து நான் போட்டேன். வாங்கிப் பாத்துட்டு, "அட்ரஸ் எழுதல செட்டியாரே"ன்னு திருப்பி நீட்டினார்.