கேமராவை நம்பி வாழ முடியுமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். புகைப்படக் கலைஞராக ஆசை. அப்பா, "அது பொழுதுபோக்கு" என்று சொல்லிக் கேமரா வாங்கித் தர மறுக்கிறார். என்ன செய்வது?
- மாணவி, தேனி மாவட்டம்

பதில்: தொழிலாகும், மகளே. 22 ஆண்டுகளாகத் திருமணப் படங்கள்தான் என் வீட்டு உலையை ஏற்றுகின்றன. ஆனால் அப்பாவின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது; அந்த மாதங்களுக்கான அரிசியைத் தையிலும் ஆவணியிலும் சேர்த்துவைக்க வேண்டும். தாலி கட்டும் நொடியில் யாராவது குறுக்கே கை நீட்டுவார்கள். அந்த நொடி திரும்ப வராது. முதல் வருடம் அப்படி ஒன்றைத் தவறவிட்டேன். மணப்பெண்ணின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேமரா இப்போது வேண்டாம். கைபேசியிலேயே ஒரு மாதம், ஒரே ஜன்னலருகே பாட்டியை உட்காரவைத்து, காலை 7 மணிக்கும் நண்பகலிலும் மாலை 5 மணிக்கும் படம் எடுங்கள். கன்னத்து நிழல் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். பிறகு, பழைய கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் போதும்.

படிப்பை விடாதீர்கள். தரமணி அரசுத் திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவுப் பட்டப்படிப்பு உண்டு. புகழ்பெற்ற இந்தியப் புகைப்படக் கலைஞர் ரகு ராயும் சிவில் பொறியியல் படித்தவர்தான். இதை அப்பாவிடம் சொல்லுங்கள்; பாட்டியின் படங்களையும் காட்டுங்கள்.