பட்டியலை மூடிவையுங்கள்

கேள்வி: மருந்தாளுநராகப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி வகுப்புகளில் சேர வேண்டும். பட்டியலில் ஏகப்பட்ட தலைப்புகள். எதை எடுப்பது?

பதில்: பட்டியலை மூடிவைத்துவிட்டு, போன மாதம் கவுண்டரில் எந்தக் கேள்விக்குத் திணறினீர்கள் என்று யோசியுங்கள். பதில் வராத கேள்விகளை நான் ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். எனக்கு அதுதான் பாடத்திட்டம்.

திணறாத இடத்திலும் ஓட்டை இருக்கும் என்பதை நான் அவமானப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வகுப்பில் மருந்தில்லாத பயிற்சி இன்ஹேலர்கள் இரண்டைக் கொடுத்து, பயன்படுத்திக் காட்டச் சொன்னார்கள். நான் இரண்டையும் ஒரே மாதிரி மெதுவாக இழுத்தேன். அழுத்தினால் பீய்ச்சும் வகைக்கு அது சரி: குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுக்க வேண்டும். பொடி வகைக்கோ வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி கலைந்து நுரையீரலுக்குள் போகும். இரண்டிலும் முடிந்தால் பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அதையும் நான் மூன்று விநாடியில் விட்டுவிட்டேன். அதுவரை எத்தனை பேருக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேனோ! ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளிக்கச் சொல்ல மட்டும் மறந்ததில்லை, அந்த மட்டில் புண்ணியம்.

அடுத்து, சிறுநீரகத்துக்கு ஏற்ற மருந்தளவு. படித்த காலத்தில் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினுக்கு, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் எவ்வளவு என்று பார்ப்போம். 2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை மாற்றி, சிறுநீரக வடிகட்டும் திறனின் மதிப்பீட்டைப் பார்க்கச் சொன்னது. அந்த மதிப்பீடு 30க்குக் கீழே போனால் கொடுக்கக் கூடாது. பழைய கிரியாட்டினின் எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மருந்துப் பிழைகள் பற்றிய வகுப்பு வந்தாலும் விடாதீர்கள். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே எடுப்பது. ஒருமுறை கைப்பழக்கத்தில் உறையின் மேல் ‘காலை 1’ என்று எழுதிவிட்டேன். அந்த அம்மா மாலையே திரும்பி வந்து, “டாக்டர் வாரத்துக்கு ஒன்று என்றாரே?” என்று கேட்டார். தினமும் விழுங்கியிருந்தால் எலும்பு மச்சையே கெட்டிருக்கும். அன்றிலிருந்து கிழமையின் பெயரையும் எழுதுகிறேன்.

கடை நிர்வாகம், விற்பனை உத்தி வகுப்புகளெல்லாம் புதுப்பிக்கத் தேவையான வகுப்பு மணிநேரம் குறைந்தால் பார்த்துக்கொள்ளலாம். இன்ஹேலர் வகுப்பில் சேருமுன், பயிற்சிக் கருவியைக் கையில் கொடுப்பார்களா என்று கேளுங்கள். படம் மட்டும்தான் காட்டுவார்கள் என்றால் வேறு வகுப்பைத் தேடுங்கள்.