கொல்லைக்கு வந்த ஆறுமணிக்குருவி

கேள்வி: போன அக்டோபரில் ஒருநாள் காலை எங்கள் கொல்லையில் மைனா அளவில் ஒரு பறவை நின்றது. வாலே இல்லாத மாதிரி இருந்தது. முதுகு பச்சை, சிறகில் பளிச்சென்று நீலம், வாலடியில் சிவப்பு. பக்கத்து வீட்டில் மீன்கொத்தி என்கிறார்கள். சரியா? மறுபடி அதைப் பார்க்க என்ன வழி?
– ஒரு வாசகி, சிதம்பரம்

பதில்: மீன்கொத்தி இல்லை அம்மா, அது ஆறுமணிக்குருவி. வாலடிச் சிவப்பைச் சொன்னீர்களே, அதுவே போதும். கண் வழியாக மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டையும் இருந்திருக்கும். வெண்மார்பு மீன்கொத்திக்கு அந்தப் பட்டை கிடையாது. மீன்கொத்தியின் அலகும் தடித்துச் சிவந்திருக்கும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை இது. பயணம் இரவில். விடியும் நேரத்தில் நிழல் தெரிந்த இடத்தில் இறங்கிவிடும். அப்படித்தான் உங்கள் கொல்லைக்கும் வந்திருக்கும். சில இரண்டொரு நாளில் கிளம்பிவிடும். இடம் பிடித்துப்போனால் சில ஏப்ரல் வரைகூடத் தங்கும்.

செப்டம்பர் கடைசியிலிருந்தே காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் கணீரென்று விசிலடிக்கும். கேட்டதும் எல்லோரும் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் புதர் அடியைப் பாருங்கள். சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கியபடி, குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போகும். கொல்லையைத் தினம் துடைத்துப் பெருக்கி வைக்கிற வீட்டில் அதற்கு வேலையே இல்லை. ஒரு மூலையிலாவது சருகை அப்படியே விடுங்கள். பூனை வளர்த்தால் காலை வேளையில் உள்ளே வையுங்கள். கைப்பேசியில் அதன் குரலை ஓடவிட்டு வரவழைக்கிற வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம். களைத்து வந்த பறவையை அலைக்கழிப்பது என்ன ரசனையோ!

ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்தால், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சந்தடி இல்லாத இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் மரம் உள்ள பக்கமாகத் திறந்துவிடலாம். தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், பார்த்த தேதியையும் இடத்தையும் இ-பேர்டில் (பறவை பார்த்த குறிப்புகளை யாரும் பதியக்கூடிய இணையதளம்) ஏற்றிவிடுங்கள். போன அக்டோபர் தேதி நினைவிருந்தால் அதையும் இப்போதே சேர்க்கலாம். அந்தப் பகுதிக்கு அரிதான பறவை என்றால் சரிபார்ப்பவர்கள் விவரம் கேட்பார்கள். கோபப்படாமல், எனக்கு எழுதியதையே அவர்களுக்கும் எழுதுங்கள்.