பீரியட்சுக்கு முதல் ஏறின நிறை

தங்கச்சி, மூண்டு கிழமையாச் சோத்தைக் குறைச்சும், பீரியட்சுக்கு முதல் நாள் தராசு ஒண்டரைக் கிலோ கூடக் காட்டினது, பாவாடை நாடாவும் இறுக்குது எண்டு எழுதியிருக்கிறீங்கள். அது கொழுப்பில்லை, தண்ணி. ஹோர்மோன் மாற்றத்தால உடம்பு உப்பையும் நீரையும் பிடிச்சு வைக்கும். பீரியட்ஸ் தொடங்கிச் சில நாளில தானாக வடியும். ஒரு கிலோ கொழுப்பு ஏற ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாத் தின்ன வேணும். ஒரு இரவில ஆருக்கு ஏலும்!

இதுக்காகப் பட்டினி கிடக்காதேங்கோ. கருவாட்டுப் பொரியல், மோர்மிளகாய், ஊறுகாய் மூண்டையும் அந்தக் கிழமை மட்டும் தள்ளி வையுங்கோ (புழுங்கலரிசிச் சோத்தோட கஷ்டம்தான், தெரியும்). தண்ணியைக் குறைக்க வேண்டாம். வெயில் தாழக் கொஞ்சம் நடந்தால் வயிற்று ஊதலுக்குச் சுகம். நிறையை நேற்றையோட பாராமல், போன மாதச் சுற்றில இதே நாளில இருந்ததோட ஒப்பிட்டுப் பாருங்கோ. பீரியட்ஸ் முடிஞ்சும் இறங்காட்டி, இல்லாட்டிக் கால் வீங்கினால், டொக்டரிட்டைக் காட்டுங்கோ.