சோளம் குவித்து மான் சுடலாமா?

கேள்வி: மிச்சிகனில் இருக்கும் என் தம்பி மகன், அங்கே காட்டோரத்தில் சோளத்தைக் கொட்டிவைத்து மான் சுடுவது பற்றி வேட்டைக்காரர்களுக்குள்ளேயே பெரிய தர்க்கம் நடப்பதாகச் சொல்கிறான். சுடுவதென்று முடிவான பிறகு தீனி வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன? நாங்களும் பிரட்ரிக் கோட்டை மான்களுக்குப் பாணும் வாழைப்பழமும் கொடுக்கத்தானே செய்கிறோம்?
(வாசகர் ஒருவர், உவர்மலை, திருகோணமலை)

பதில்: வித்தியாசம் இருக்கிறது என்றே கருதுகிறேன். தீனி வைப்பதை ஆதரிப்போர் பேச்சிலும் நியாயம் உண்டு. மான் கிட்ட வந்து நின்று தின்னும்போது குறி தப்புவது குறைவு. காயத்தோடு ஓடிப் பற்றைக்குள் கிடந்து சாகும் கொடுமையும் குறையும். டெக்சாஸில் தனியார் காணிகளில் இதற்குச் சட்டத் தடையில்லை. எதிர்ப்போரோ, விலங்குக்குத் தப்பிச் செல்ல வாய்ப்பளிக்காதது வேட்டையே அல்ல என்கிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கைத் தீர்த்துவைப்பது நோய்தான். இயல்பாக மேயும் மான் ஒரு செடியில் இரண்டு வாய் கடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடும். சோளக் குவியலிலோ பல கூட்டத்து மான்கள் மூக்கோடு மூக்கு உரச நின்று, ஒன்றின் எச்சில் பட்ட மணியை மற்றொன்று விழுங்குகின்றன. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட நாட்பட்ட மெலிவு நோயை உண்டாக்கும் பிரியான் என்னும் பிறழ்ந்த புரதம், எச்சில், சிறுநீர், புழுக்கை வழியாக வெளியேறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கிறது. அந்நோய் பீடித்த மான் பிழைப்பதில்லை, அதற்கு மருந்தும் இல்லை. வடகிழக்கு மிச்சிகனில் 1994இல் சுடப்பட்ட மான் ஒன்றில் மாட்டுக் காசநோய் கண்டறியப்பட்டபோதும், அது பரவியதற்குத் தீனிக் குவியல்கள் ஒரு காரணமாகக் காட்டப்பட்டன. மெலிவு நோயும் பரவவே, 2019 ஜனவரி 31 முதல் அம்மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில் தீனி வைப்பது தடைசெய்யப்பட்டது. அத்தடை சரியானதே.

நம் நாட்டில் மான் வேட்டையே குற்றமாதலால் அந்தத் தர்க்கம் இங்கு எழாது. ஆனால், தீனியைக் காட்டிக் கொல்லும் வழக்கம் இங்கும் இருக்கிறது. பூசணித் துண்டுக்குள் வெடிமருந்தைப் பொதிந்து பன்றிக்கென்று வைக்கும் வாய்வெடியை யானைக்குட்டி கடித்து, தாடை சிதறி, ஒரு வாய் புல்லும் தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. இதைச் செய்பவர்களை ஊரார் அறிந்தும் மறைப்பது எனக்குத் தாங்கமுடியாத வேதனை.

கோட்டை மான்களுக்கு வருவோம். உங்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. எனினும், கொடுப்பவரின் எண்ணம் மானின் வயிற்றுக்குத் தெரியாது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் புல்லையும் இலையையும் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன; பாண், சோறு போன்ற மாப்பொருள் திடீரென அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அது வேகமாகப் புளித்து அமிலமாகி, அந்த நுண்ணுயிர்களை அழித்து, மானையே கொன்றுவிடக்கூடும். பாணைச் சுற்றிவந்த பொலித்தீனையும் அது உப்புச் சுவைக்காக மென்று விழுங்கும். அது வெளியேறாமல் இரைப்பையிலேயே திரண்டுவிடும். மனிதன் கையை நம்பி வளர்ந்த மான் வீதிக்கு வரும், வாகனத்தில் அடிபடும், நாய்களிடமும் அகப்படும்.

ஆகவே, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்களைப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பாணையும் பழத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அருச்சனைப் பொருள் கொண்டுபோன பையைத் தவறாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். வாயில் பொலித்தீன் தொங்கும் மானையோ காயப்பட்ட மானையோ கண்டால், நீங்களாகப் பிடிக்க முயலாமல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள்.