நடை தானாகவே ஓட்டமாக மாறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. தினமும் காலையில் காந்தி மைதானத்தில் கணவருடன் நடக்கிறேன். வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் கால்கள் தாமாகவே ஓடத் தொடங்கிவிடுகின்றன. என்னைவிட உயரமான என் கணவரோ அதே வேகத்தில் நடந்துகொண்டே இருக்கிறார். பிடிவாதமாக நடந்தால் கணைக்காலின் முன்பக்கம் வலிக்கிறது. ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே ஏறும்போது இது இன்னும் சீக்கிரம் நேர்கிறது. என் கால்களில் ஏதேனும் குறையா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், குறை ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை. உடல்நலமுள்ள பெரியவர்களில் பெரும்பாலோர், மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 7.5 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது, யாரும் சொல்லித்தராமலேயே நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

நடக்கும்போது, ஊன்றிய கோலின் மேல் உடல் ஏறி இறங்குவதைப்போல, தரையில் பதிந்த காலின்மீது நம் இடுப்பு ஒரு வில்வளைவாகக் கடந்து செல்கிறது. அந்த வளைவில் உடலைக் கீழே பிடித்து வைப்பது புவியீர்ப்பு மட்டுமே என்பதால், வேகம் கூடக்கூட அந்தப் பிடி போதாமல் போகிறது. காலின் நீளம் 90 சென்டிமீட்டர் என்றால், கணக்குப்படி மணிக்கு 10.7 கிலோமீட்டருக்கு மேல் சாதாரண நடை இயலாது. நாமோ அந்த எல்லைக்கு வெகு முன்பே மாறிவிடுகிறோம். கால் குட்டையானால் எல்லையும் சற்றுக் குறையும். உங்களுக்கும் கணவருக்கும் உள்ள வேறுபாட்டில் இதற்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் முழுக் காரணமும் உயரமே என்று சொல்ல மாட்டேன்.

ஆற்றலை மிச்சப்படுத்தவே உடல் ஓட்டத்துக்கு மாறுகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை: ஒரு கிலோமீட்டரைக் கடக்க நடையில் செலவாகும் ஆற்றல் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தையொட்டி மிகக் குறைவாக இருந்து, அதன்பின் விறுவிறுவென ஏறுகிறது, ஓட்டத்திலோ, எந்த வேகத்திலும் அது ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. ஆனால் 1993-இல் ஆலன் ஹ்ரெல்ஜாக் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தபோது, மனிதர்கள் தாமாக மாறும் வேகம், ஓடுவது உண்மையிலேயே சிக்கனமாகும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. அதாவது, நடப்பதே இன்னும் மலிவாக இருக்கும்போதே நாம் ஓடத் தொடங்குகிறோம். என் கருத்தில், இதற்கான விடை உங்கள் வலியிலேயே இருக்கிறது. பாதத்தின் முன்பகுதியைத் தூக்கிப்பிடிப்பதும், குதிகால் பதிந்தபின் பாதம் தரையில் சட்டென்று அறையாமல் மெல்ல இறக்குவதும் கணைக்காலின் முன்புறத் தசையின் வேலை. வேகநடையில் அந்தச் சிறிய தசைதான் முதலில் களைக்கிறது. ஓட்டத்துக்கு மாறியதும் அதன் சுமை குறைந்து, வேலை பெரிய தொடைத் தசைகளுக்கும் குதிகால் தசைநாணுக்கும் போய்விடுகிறது.

மேட்டுச் சாலையில் மாறும் வேகம் இன்னும் தாழ்ந்துவிடும் என்பதால், மலைப்பாதையில் நீங்கள் கண்டதும் இயல்பானதே. அங்கே ஓடாமல் வேகத்தைக் குறைத்து நடந்தாலே இதயத்துக்குப் போதிய பயிற்சி கிடைத்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இறக்கத்தில் முழங்காலுக்குச் சுமை கூடுமாகையால், முட்டிவலி உள்ளவர்கள் திரும்புகையில் பேருந்தில் வருவது நல்லது.

மைதானத்தில், முட்டிவலியோ இதயக் கோளாறோ இல்லையென்றால், கால்கள் ஓட விரும்பும்போது ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடங்கள். ஓட்டத்தில் ஒவ்வோர் அடியும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையுடன் விழுவதால், ஓடும் நேரத்தை வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். ஓட விருப்பமில்லையென்றால் மணிக்கு 6 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணவரின் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடப்பது மருத்துவரீதியாக எந்தக் கட்டாயமும் இல்லை.

ஓய்விலும் வலி நீடித்தால், அல்லது எலும்பில் ஓரிடத்தை அழுத்தும்போது மட்டும் கடுமையாக வலித்தால், எலும்பில் நுண்விரிசல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றதும் தணிந்தால் இரத்தக்குழாய் அடைப்பையும், பாதம் தரையில் உரசினால், குறிப்பாகச் சர்க்கரை நோய் இருந்தால், நரம்புப் பாதிப்பையும் சோதித்தாக வேண்டும். மேடேறும்போது நெஞ்சில் அழுத்தம் தோன்றினால் உடனே நின்றுவிடுங்கள். இசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டும்வரை மலையேற்றம் வேண்டாம்.